படிப்பா, கைத்தொழிலா, கடல் தாண்டுவதா? நம்ம பக்கம் சம்பளத்தை எது தீர்மானிக்கிறது?

கண்டனூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான். மார்க் 60 சதவீதத்தை ஒட்டி. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கடன் வாங்கியாவது பி.இ. சேர்த்துவிட வேண்டும் என்கிறார் அப்பா. சிங்கப்பூரில் இருக்கும் மாமா, ஸ்கில் டெஸ்ட் அடித்துவிட்டு இங்கே வரச் சொல் என்கிறார். அம்மாவுக்குப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும்.

எனக்குக் குழப்பம் இதுதான். எங்கள் தெருவில் பி.இ. சிவில் முடித்த பையன் காரைக்குடியில் ஒரு கட்டட ஆபீசில் மாதம் 14,000 வாங்குகிறான். அவன் மேற்பார்க்கும் கொத்தனாருக்கு நாள் கூலி 1,100. மாதம் 24 நாள் வேலை என்றாலும் 26,400 ஆகிறது. அந்தக் கொத்தனாரின் அண்ணன் சிங்கப்பூரில் அதே கரண்டியைப் பிடித்து இவரைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறார். இவ்வளவுக்கும் இங்கே சைட்டில் பாதிப் பேர் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பசங்க. அவர்களால்தான் நம் ஆட்களுக்குக் கூலி ஏறவில்லை என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

படிப்புக்கு என்ன விலை, கைவேலைக்கு என்ன விலை, ஊருக்கு என்ன விலை? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் தம்பிக்கு மட்டுமல்ல, இன்னும் பல பேருக்கு உதவும்.

புதுவயல் மேஸ்திரி:

தம்பி, 1,100 சரிதான். ஆனால் 24 நாள் எல்லா மாதமும் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி நாள் வீட்டில்தான். மார்கழியில் யாரும் புது வேலை ஆரம்பிக்க மாட்டார்கள். சிமெண்ட் விலை ஏறினால் வீட்டுக்காரர் வேலையை நிறுத்திவிடுவார். 50 வயதுக்கு மேல் சாரத்தில் ஏற முடியாது. இதையெல்லாம் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்:

முப்பது வருடத்துக்கு மேல் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒருவர் கூலியில் படிப்பின் பங்கு எவ்வளவு, அனுபவத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் முறையை ஜேக்கப் மின்சர் என்ற பொருளியலாளர் 1974-இல் முழுமையாக வகுத்துக் கொடுத்தார். இன்றும் உலகம் முழுக்க அந்தச் சமன்பாட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். பல நாடுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவருக்கு வருமானம் சராசரியாக 9 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது.

வசதியான வீட்டுப் பிள்ளைதானே அதிகம் படிக்கிறது, அந்த வசதியால் வந்த வருமானத்தைப் படிப்பின் கணக்கில் எழுதலாமா என்று கேட்கலாம். அதற்கும் பதில் தேடியிருக்கிறார்கள். இந்தோனேசியாவில் 1973 முதல் 1978 வரை 61,000 தொடக்கப் பள்ளிகளைக் கட்டினார்கள். பள்ளி வந்த ஊரில் பிறந்த பிள்ளைகளையும், வயது தாண்டிப்போனதால் அந்த வாய்ப்பை இழந்தவர்களையும் எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளியலாளர் ஒப்பிட்டார். ஒரு வருடப் படிப்புக்கு 6.8 முதல் 10.6 சதவீதம் வரை கூலி கூடியதாகக் கண்டார். அதனால் ‘படித்து என்ன ஆச்சு’ என்ற டீக்கடைப் பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் சராசரி எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28 சதவீதம், தமிழ்நாட்டில் 47. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். இதனால், 1985-இல் பி.இ. என்ற இரண்டு எழுத்துக்கு இருந்த கிராக்கி இன்று இல்லை. தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் பட்டத்தைக் காட்டி ‘நான் மற்றவனைவிடத் திறமைசாலி’ என்று முதலாளியை நம்பவைக்க முடியாது. அப்போது அவர் எந்தக் கல்லூரி, என்ன வேலை தெரியும், இங்கிலீஷ் வருமா என்று பார்க்கத் தொடங்குகிறார்.

இன்னொன்று. 22 வயதில் வாங்கும் சம்பளத்தை வைத்து இருவரையும் ஒப்பிடாதீர்கள். கொத்தனார் தொழில் கற்றதும் உச்சக் கூலிக்குச் சீக்கிரம் வந்துவிடுவார், அப்புறம் அதே மட்டத்தில்தான் போகும். உருப்படியாகத் தொழில் கற்ற இன்ஜினியருக்கு 35, 40 வயதில்தான் ஏறும். 14,000-இல் தொடங்கி 14,000-இலேயே நின்றுவிடுபவரும் உண்டு. அந்த ஆபத்தைத்தான் உங்கள் அப்பா கவனிக்க வேண்டும்.

சிங்கை கொத்தனார்:

தம்பி, உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை. நான் இங்கே வந்து பல வருடம் ஆகிறது, சொந்த ஊர் கல்லல் பக்கம்.

ஸ்கில் டெஸ்ட் எப்படி என்று சொல்கிறேன். நான் எடுத்தது டைல்ஸ். சுவர் மாதிரி ஒரு துண்டு கட்டி வைத்திருப்பார்கள், கையில் வரைபடம் கொடுப்பார்கள். குறித்த நேரத்துக்குள் மூலை வெட்டி, சரிவு கொடுத்து ஒட்ட வேண்டும். முடிந்ததும் தேர்வு வைப்பவர் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே காலியாகச் சத்தம் வந்தால் போச்சு. ஊரில் எட்டு வருடம் வேலை பார்த்த கொத்தனார் என் பக்கத்தில் தோற்றார். அவருக்குக் கை சுத்தம், வரைபடம் பார்க்கத் தெரியவில்லை. பத்தாவது வரை ஒழுங்காகப் படித்த சின்னப் பையன் பாஸ்.

இங்கே வந்தபின் நடப்பது இன்னும் முக்கியம். ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்கு லெவி என்ற தீர்வை கட்ட வேண்டும். கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உயர் திறன் உள்ளவருக்கு 500 வெள்ளி. 2024 ஜனவரியில் இருந்து இப்படி. சில வருட அனுபவமும் இரண்டாவது தொழிலில் ஒரு தேர்வும் முடித்து நான் உயர் திறனுக்கு மாறினேன். மாறிய மறுநாளும் அதே கை, அதே கரண்டி. ஆனால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அதைக் காட்டித்தான் சம்பளம் ஏற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள். காகிதம் இல்லாத திறமைக்கு இங்கே விலை கிடையாது.

மாமா சொல்லாமல் விட்டது கடன். ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கவே முதல் வருடச் சம்பளம் போனது. ஓவர்டைம் இல்லாத மாதத்தில் அடிப்படைச் சம்பளம் ரொம்பக் கம்மி. வருவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:

வாத்தியார் சொன்னதையும் சிங்கப்பூர்த் தம்பி சொன்னதையும் படித்ததும் எங்கள் ஐயா நினைவுதான் வந்தது. அப்பாவைப் பெற்றவர்.

கொண்டுவிக்கப் போவது, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்தப் போவது என்றால் அந்தக் காலத்தில் கல்லூரிக்குப் போவது போலத்தான். முதலில் பெட்டியடிப் பையன். கடையைக் கூட்டுவது, பெட்டியடியில் உட்கார்ந்து எழுதிப் பழகுவது, பெரியவர்களுக்கு வெந்நீர் வைப்பது எல்லாம் அவன் வேலை. அப்புறம் அடுத்தாள். கடைசியில்தான் மேலாள், கடையை நடத்துகிறவர். மூன்று மூன்று வருடக் கணக்கு, முடித்துவிட்டு ஊர் வந்து திரும்ப வேண்டும். ஐயா பத்துப் பதினொரு வயதில் வட்டிக் கணக்கை மனக்கணக்காகப் போடுவாராம். பேரேடு, ஐந்தொகை எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பர்மாவில் பெகு என்ற ஊரில் மேலாளாக இருந்தபோது பர்மியப் பாஷை பேசுவார், எந்த வயல் எத்தனை கூடை நெல் விளையும் என்று மண்ணைப் பார்த்தே சொல்வார் என்பார்கள்.

1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். 1948-இல் பர்மா அரசாங்கம் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது, திரும்பிப் போய் வசூலிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. இங்கே அவருடைய பர்மியப் பாஷைக்கு என்ன விலை? பெகு வயலைப் பற்றிய ஞானத்துக்கு என்ன விலை? தேவகோட்டையில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். மனக்கணக்கு ஒன்றுதான் கூடவே வந்தது. மற்றதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வீட்டு மேல்தளத்துத் தேக்குத் தூண்களைப் பிரித்து விற்றோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கும்போதெல்லாம் எந்த வீட்டுத் தூணோ என்று வயிறு எரியும்.

வெளியே சம்பாதித்ததை எல்லோரும் வீட்டில் மட்டும் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டையூர் அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லூரிகளில் படித்துத்தான் என் பெண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். மச்சு வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஓடு மாற்றக்கூடக் காசில்லை.

தேவகோட்டை வாத்தியார்:

ஆச்சி, நீங்கள் சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். சில திறமை ஆளோடு கிளம்பி வரும், சில திறமை அது பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். 1990-களில் சோவியத்திலிருந்து இஸ்ரேலுக்குப் போனவர்களில் டாக்டர்களும் இன்ஜினியர்களும் ஏராளம். பலர் தங்கள் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைகளில்தான் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்பே இஸ்ரேலில் குடியேறியவர்களின் கணக்கை வைத்து, வந்த இடத்தில் படித்த வருடத்துக்குக் கிடைத்த மதிப்பு, சொந்த நாட்டில் படித்த வருடத்துக்கு அங்கே கிடைக்கவில்லை என்று ரேச்சல் ஃப்ரீட்பெர்க் என்ற பொருளியலாளர் காட்டினார். அந்த ஊர் மொழியைக் கற்று, கூடக் கொஞ்சம் அங்கேயே படித்துவிட்டால் பழைய படிப்புக்கும் உயிர் வருகிறது.

லீட்ஸ் செவிலி:

நூற்றுக்கு நூறு உண்மை சார். நான் காரைக்குடிதான். மதுரையில் ஐ.சி.யு.வில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து வந்தேன். இங்கே செவிலியர் பதிவு எண் கைக்கு வரும்வரை ஒரு படி கீழான சம்பளம்தான். வென்டிலேட்டர் போட்ட நோயாளிகளை ராத்திரி முழுக்கத் தனியாகப் பார்த்தவள் நான். இங்கே முதல் சில மாதம் படுக்கை விரிப்பு மாற்றினேன், சாப்பாடு ஊட்டினேன். அந்த வேலை கேவலம் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்ய அனுமதி இல்லை என்பதுதான் வலி. செயல்முறைத் தேர்வு பாஸ் ஆன மாதமே சம்பளம் மாறியது.

என்னோடு படித்த இன்னொரு பெண் கைவேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆங்கிலத் தேர்வில் எழுதும் பகுதியில் நின்றுவிட்டது, இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். தம்பி இன்ஜினியர் ஆகட்டும், கொத்தனார் ஆகட்டும், ஆங்கிலத்தை விடவேண்டாம். வெளிநாடு போகாவிட்டாலும் அதற்கு விலை உண்டு. சரளமாக ஆங்கிலம் பேசும் ஆண்களுக்கு, அறவே பேசாதவர்களைவிட மணிக்கூலி 34 சதவீதம் அதிகம் என்று இந்தியாவை வைத்தே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. கொஞ்சம் பேசினாலே 13 சதவீதம்.

சாக்கோட்டைப் பொண்ணு:

நான் எம்.ஏ. படிக்கிறேன். எங்கள் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார், 18 வருடமாக. எல்லோரும் வெளியே போகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே வருகிறவர்களால் அம்மாவுக்கு வேலை நாள் குறைந்திருக்கிறது. முன்பு ஒரு கொத்தனாருக்கு இரண்டு சித்தாள் பெண்கள். இப்போது காண்ட்ராக்டர் வடக்கத்திப் பசங்க நாலு பேரை சைட்டிலேயே ஷெட் போட்டுத் தங்க வைத்துவிடுகிறார். மூட்டை தூக்க, கலவை போட, இரவு காவல் இருக்க எல்லாவற்றுக்கும் அவர்களே. அம்மாவை மேல்தளம் போடும் அன்றைக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் வீட்டுக்கு அனுப்பத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் பாதிப்பே இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள்.

புதுவயல் மேஸ்திரி:

பாப்பா, என் பக்கத்தையும் கேள். அவர்களை நான் கூலி குறைவு என்று வைக்கவில்லை. இப்போது அவர்களும் நம் ஆள் கூலியை ஒட்டித்தான் கேட்கிறார்கள். ஒரு சித்தாள் ஆண் வேண்டும் என்றால் நம் பக்கம் 25 வயதுப் பையன் ஒருத்தன் கிடைக்க மாட்டான். ஒன்று திருப்பூர், இல்லையென்றால் சிங்கப்பூர், துபாய். மிச்சமிருப்பவன் ஃபுட் டெலிவரி. ஒடிசாப் பையன் காலை ஏழரைக்கு சைட்டில் நிற்பான். அவர்கள் வந்ததால்தான் நான் ஒரே நேரத்தில் மூன்று வேலை எடுக்கிறேன், அந்த மூன்றிலும் நம் ஊர்க் கொத்தனார்களுக்கு வேலை இருக்கிறது. பெண்களுக்கு நாள் குறைந்தது நிஜம். மறுக்க மாட்டேன்.

தேவகோட்டை வாத்தியார்:

இருவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பொருளியலில் நாற்பது வருடச் சண்டையே இதைப் பற்றித்தான்.

1980-இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவுக்கு வந்தார்கள். பாதிப் பேர் மயாமியிலேயே தங்கினார்கள், அந்த ஊரின் உழைப்பாளர் தொகை ஒரே வீச்சில் 7 சதவீதம் கூடியது. கூலி சரிந்திருக்க வேண்டும். டேவிட் கார்டு 1990-இல் மற்ற நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரிவு என்று சொல்ல ஏதும் இல்லை என்றார். 2021-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு இந்த வகை ஆய்வுகளும் காரணம். பல வருடம் கழித்து ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவை மீண்டும் எடுத்து, பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத ஆண்களை மட்டும் தனியே பிரித்தார். அவர்கள் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை இறங்கியிருந்தது என்றார். அப்படிப் பிரித்ததில் கிடைத்த ஆட்கள் மிகக் கொஞ்சம், அதை நம்ப முடியாது என்று வேறு சிலர் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

நான் எடுத்துக்கொள்வது இது. வருகிறவர் செய்யும் அதே வேலையைச் செய்பவருக்கு அடி விழும். வருகிறவரால் கை வலுப்படுகிறவருக்கு லாபம். ஒடிசாப் பையனால் மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் வேலை பெருகுகிறது, பாப்பாவின் அம்மாவுக்கு நாள் குறைகிறது. சராசரி எடுத்தால் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போய்ப் பேச எனக்கு மனம் வராது.

அதற்காக அவர்களை வரவிடாமல் தடுத்தால் கூலி ஏறிவிடுமா? அமெரிக்காவில் மெக்சிகோ விவசாயக் கூலிகளை அழைத்துவரும் பிராசெரோ ஏற்பாட்டை உள்ளூர்க்காரர் கூலி உயரட்டும் என்று சொல்லி 1964-இல் நிறுத்தினார்கள். கூலி உயரவில்லை. தக்காளி பறிக்க மெஷின் வந்தது, ஆள் தேவைப்படும் பயிரை விட்டு வேறு பயிருக்கு மாறினார்கள். நம் கண்மாய்ப் பாசனத்து வயல்களில் அறுவடை மெஷின் இறங்கியதை நினைத்துப் பாருங்கள்.

சிங்கை கொத்தனார்:

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இங்கே நாங்கள்தான் வடக்கத்திப் பசங்க. எங்களாலும் வங்காளதேசத்துக்காரர்களாலும்தான் கட்டட வேலைக்குக் கூலி ஏறவில்லை என்று இங்கேயும் பேசுகிறார்கள். பத்துப் பேர் ஓர் அறையில் படுக்கிறோம். நாளைக்கு ஊரில் ஒடிசாப் பையனைப் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

ஆத்தங்குடிக் கல்:

ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் எங்கள் பட்டறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் தனித்தனி வண்ணக் கரைசலை ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்து அச்சை நேராகத் தூக்க வேண்டும். மயிரிழை சாய்ந்தால் சிவப்பும் மஞ்சளும் ஓடிக் கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்குமேல் கலவை போட்டுத் தட்டி, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறப்போட வேண்டும். கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் முகத்தில் ஏறுகிறது. நிதானமாக அச்சுத் தூக்கும் கை வர இரண்டு மூன்று வருடம் ஆகும்.

இந்தக் கைக்குக் கல் கணக்கில்தான் கூலி. இதே கல்லைப் பெரிய ஊரில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள், அந்த வித்தியாசம் அச்சுத் தூக்கியவனுக்கு வருவதில்லை. ஆத்தங்குடிக்கு வெளியே இந்த வேலைக்குக் கேட்பவர் மிகக் கொஞ்சம், அதனால் பேரம் பேச முடியாது. ஆச்சியின் ஐயாவுக்குப் பெகு வயல் போலத்தான் எங்களுக்கு இந்தத் தொட்டி.

கண்டனூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து இதைப் படித்துக்காட்டினேன். மாமாவிடமும் போனில் பேசியாயிற்று. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் இடம் உண்டு. இரண்டு வருடத்தில் சிவில் டிப்ளமோ, செலவும் கம்மி. லீவு நாளில் சைட்டில் நிற்கட்டும், பிடித்தால் அப்புறம் பி.இ.க்கும் போகலாம். அப்பா அரை மனதாகச் சரி என்றுவிட்டார். சைட்டில் நிற்க மேஸ்திரி அண்ணன் அனுமதித்தால் பெரிய உதவி.

புதுவயல் மேஸ்திரி:

ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிடுங்கள். செருப்புப் போடாமல், ஷூ போட்டு வரச் சொல்லுங்கள்.

சிங்கை கொத்தனார்:

வெளியே போக நினைக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து ஒரு விவரம். பத்தாவது பாஸ் ஆகாதவர் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போவதென்றால் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். பத்தாவது பாஸ் என்றால் அது தேவையில்லை. அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் ரசீது இல்லாமல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வரவில்லை, அதன் வட்டியை ரொம்ப நாள் கட்டினேன்.

சாக்கோட்டைப் பொண்ணு:

மேஸ்திரி அண்ணே, ஒரு கேள்வி. அம்மா பேருக்குத்தான் சித்தாள். கொத்தனார் வராத நாளில் உள்பூச்சு முழுக்க அம்மாவே பூசுவார், மட்டப்பலகை பிடித்து மூலை எடுப்பார். ஆனால் கூலி சித்தாள் கூலிதான். பூச்சு வேலைக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவார்களாமே, சிங்கை அண்ணன் சொன்ன மாதிரி இங்கே அம்மாவும் எடுக்க முடியுமா? எடுத்தால் கூலி மாற்றிக் கொடுப்பீர்களா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

புதுவயல் மேஸ்திரி:

எடுக்கலாம். கைவேலை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு சோதித்துப் பார்த்துச் சான்று கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அம்மா பதிவு செய்திருக்கிறாரா பார். இல்லையென்றால் முதலில் அதைச் செய், உன் படிப்புக்கே உதவித்தொகை கிடைக்கும்.

கூலி விஷயம். நம் பக்கம் பெண் கொத்தனார் என்று யாரும் வைத்ததில்லை, நானும் வைத்ததில்லை. வீட்டுக்காரர்கள் ‘பொம்பளை பூசினால் நிக்குமா’ என்று கேட்பார்கள், அதற்குப் பயந்தே நாங்கள் எல்லோரும் இருந்துவிட்டோம். கையில் சான்று இருந்தால் அவர்கள் வாயை அடைக்க எனக்கு ஒரு பிடி கிடைக்கும். வருகிற வாரம் பூசவேண்டிய வீடு ஒன்று கோவிலூரில் இருக்கிறது, உள்ளறை இரண்டு. அம்மாவை வரச் சொல். அந்த இரண்டு அறைக்கும் கொத்தனார் கூலி.

சாக்கோட்டைப் பொண்ணு:

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொந்தக் கரண்டி கொண்டுவர வேண்டுமா என்று கேட்கிறார்.

புதுவயல் மேஸ்திரி:

கரண்டியும் மணியாசுக் கட்டையும் கொண்டுவரச் சொல். மட்டப்பலகை என்னிடம் இருக்கிறது. திங்கள் காலை எட்டு மணி.